அம்மாவோட பாங்கொக் போறம். பன்சலை (புத்த கோயில்), பொய்க்கால், சாப்பாடு பற்றித் தெரிஞ்சவை சொல்லுங்கோ

விசுவமடு மெக்கானிக்:

எல்லாருக்கும் வணக்கம். விசுவமடுவில ஏ-35 றோட்டுக் கரையில லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசினும் தண்ணிப் பம்பும் திருத்திற சின்னக் கடை வைச்சிருக்கிறன். இவ்வளவு காலமும் மற்றவை எழுதினதை வாசிச்சதோட சரி. இப்ப நானே கேக்க வேண்டி வந்திட்டுது.

வாற ஏப்ரல் 11 அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாங்கொக் போறன். 24 திரும்புறம். ஊர் பாக்கிற பயணம் இல்லை. தம்பி சுவிசில இருக்கிறான். 2009இல பிரிஞ்சது. அவனுக்கு இஞ்ச வர ஏலாது, அம்மாவை அங்க கூப்பிடுற அலுவலும் சரிவரேல்லை. நடுவில ஒரு நாட்டில சந்திப்பம் எண்டு அவன்தான் தாய்லாந்தைச் சொன்னவன். எங்கட பாஸ்போட்டுக்கு 2024 யூலையில இருந்து விசா எடுக்காமலே போகலாமாம். வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில்ப் பொங்கல் நிக்குது. அம்மா ஒவ்வொரு வருசமும் நேர்த்திக்குப் பொங்கிறவ. அதால 24க்கு மேல ஒரு நாளும் நிக்கமாட்டா.

சுவிசில இருந்து தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். பன்சலைக்குள்ள போனால் காலை நீட்டக்கூடாது, பாதம் புத்தரைப் பாக்கக்கூடாது, பின்னுக்கு மடிச்சு இருக்கவேணும் எண்டு அதில சொல்லுது. எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. யாழ்ப்பாணத்தில போட்ட ஜெய்ப்பூர் கால். நிக்கிறன், நடக்கிறன், லாண்ட்மாஸ்டரை உதைச்சு ஸ்ராட் பண்ணுறன். ஆனால் நிலத்தில இருந்தால் அந்தக் கால் நேராத்தான் நீட்டிக்கொண்டு நிக்கும். எங்கட அம்மன் கோயிலில ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. அங்க என்ன செய்யிறது? எயார்போட் மெசினுக்குள்ளயும் இந்தக் காலோட எப்பிடிப் போறது?

மற்றது அம்மா. அவவுக்கு 71 வயது. "புத்தற்ற நாடோ?" எண்டு கேட்டா. ஓமெண்டன். "அப்ப ஆமியும் நிக்குமே" எண்டா. நான் சிரிச்சன். அவ சிரிக்கேல்லை. அரசமரம், அதுக்குக் கீழ வெள்ளைச் சிலை, பக்கத்தில மண்மூட்டை அடுக்கின ஆமிக் காவல் சென்றி, இதுதான் அவ கண்ட புத்தர். ஆமத்துரு (புத்த பிக்கு) ஒராள் பஸ்ஸில ஏறினால் குனிஞ்சு தன்ர பையையே பாத்துக்கொண்டிருப்பா. ஒருத்தரையும் திட்டுறவ இல்லை. ஆனால் உடம்பு அப்பிடிப் பழகிப்போச்சு. அங்க மூலைக்கு மூலை பன்சலை, காலமை றோட்டில வரிசையா ஆமத்துருமார் எண்டு அந்த வீடியோவில பாத்த நேரம் தொடக்கம் நான்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.

நாங்கள் இருக்கிறதே பௌத்த நாட்டில, பிறகென்ன ஆயத்தம் எண்டு சிலபேர் கேப்பீங்கள். அதாலதான் ஆயத்தம் வேண்டிக்கிடக்கு.

சாப்பாட்டு விசயமும் சொல்லுங்கோ. அம்மா செவ்வாய், வெள்ளி மரக்கறி.


புதுக்குடியிருப்பான்:

மெக்கானிக் தம்பி, ரிக்கெற் எடுத்திட்டீங்களோ? எடுக்கேல்லை எண்டால் முதல் இதைக் கேளுங்கோ. சுவிசில இருக்கிற தம்பியின்ர கையில இருக்கிறது சிவப்பு சுவிஸ் பாஸ்போட்டோ, இல்லாட்டி அகதிகளுக்குக் குடுக்கிற பயணப் புத்தகமோ? "இஞ்ச வர ஏலாது" எண்டு நீங்கள் எழுதினதைப் பாத்தால் ரெண்டாவது போலத்தான் கிடக்கு. சுவிஸ் குடிமகனுக்கு விசா வேண்டாம் எண்டது அந்தப் புத்தகத்துக்குப் பொருந்தாது. அவர் பேர்ண் நகரத்தில இருக்கிற தாய்லாந்துத் தூதரகத்தில முன்கூட்டியே விசா எடுக்கவேணும். நீங்கள் ரெண்டு பேரும் அங்க போய் இறங்கி, அவரை சூரிச்சில விமானம் ஏத்தாமல் விட்டால் அந்த அம்மாவை ஆர் தேத்திறது? இண்டைக்கே போன் எடுங்கோ.

உங்கட பக்கத்துக்கு: திரும்பி வாற ரிக்கெற், ஹொட்டேல் பதிவு ரெண்டையும் கடதாசியில அச்சடிச்சு வைச்சிருங்கோ. ஆளுக்கு 20,000 பாட் பெறுமதியான காசு கையில இருக்கோ எண்டு கேட்டாலும் கேப்பினம். எல்லாரிட்டயும் கேக்கிறேல்லை. எங்கட பாஸ்போட்டைக் கண்டால் கேக்கிறதுக்கு இடமிருக்கு. இப்ப 2025 மே 1இல இருந்து வருகை அட்டை இணையத்திலதான் நிரப்பவேணும், இறங்கிறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள. அதுக்குக் காசு இல்லை. காசு கேக்கிற தளம் எண்டால் அது கள்ளத் தளம். விசா இல்லாமல் நிக்கிற நாள்க் கணக்கை அவை மாத்துறவை, ஏற முதல் தூதரகத் தளத்தில ஒருக்காப் பாருங்கோ. உங்களுக்கு 14 நாள்தானே, பயமில்லை.

நான் அந்த ஊரில மூண்டரை வருசம் இருந்தனான். 2010இல போனது. சுற்றுலா விசாவில இறங்கி, அது முடிஞ்சு, ஐநா அகதி அலுவலகத்தில பதிஞ்சிட்டுக் காத்திருந்த கூட்டம் நாங்கள். 1951ஆம் ஆண்டு அகதி ஒப்பந்தத்தில தாய்லாந்து கையெழுத்து வைக்கேல்லை. அதால ஐநா கடதாசி இருந்தாலும் பொலிஸுக்கு நாங்கள் விசா முடிஞ்ச ஆக்கள்தான். அந்த வருசம் சன் சீ கப்பல் 492 தமிழ் அகதிகளோட கனடாக் கரையில போய் நிண்ட பிறகு தமிழனைத் தேடித் தேடிப் பிடிச்சாங்கள். ஆறு பேர் ஒரு அறை. பகலில லைற் போடுறேல்லை, சத்தமாக் கதைக்கிறேல்லை.

ஏன் இதைச் சொல்லுறன் எண்டால், உங்கட அம்மாவின்ர பயம் எனக்கு விளங்கும். நானும் ஆமத்துருவைக் கண்டால் மற்றப் பக்கம் போற ஆளாத்தான் போய் இறங்கினன். எங்கட ஒழுங்கைக்குப் பின்னால ஒரு சின்ன வட். வட் எண்டால் அங்க பன்சலை. காலமை ஆமத்துருமார் வெறுங்காலோட பாத்திரம் ஏந்திக்கொண்டு போவினம், சனம் சோறும் கறியும் பையில கட்டிப் போடும். அவை மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடாத ஆக்கள். மிஞ்சிறதை வட்டில வேலை செய்யிற கிழவி ஒண்டு வாசலில வைச்சு ஆர் வந்தாலும் குடுக்கும். ஆர், எவர், பாஸ்போட் எங்க எண்டு ஒரு கேள்வி இல்லை. அறையில காசு முடிஞ்ச கிழமைகளில அதுதான் எங்களுக்குச் சாப்பாடு. அந்த மூண்டரை வருசமும் நான் பயந்தது பொலிஸுக்கு. வட்டுக்கு இல்லை.

இதை அம்மாவுக்குச் சொல்லி அவவின்ர மனதை மாத்தச் சொல்லி நான் கேக்கேல்லை. அவ பிள்ளையைப் பாக்கப் போறா. வட்டுக்குப் போகாமலே 14 நாளும் நிண்டிட்டு வரலாம், ஒரு குறையும் இல்லை.

வேற ரெண்டு விசயம். அரசரைப் பற்றி நல்லதோ கெட்டதோ வாயே திறவாதேங்கோ. 112ஆம் பிரிவு எண்டு ஒரு சட்டம், ஒரு குற்றத்துக்கு 3 வருசத்தில இருந்து 15 வருசம் வரைக்கும் உள்ள போடலாம். காசுத் தாளிலயும் அவற்ற படம்தான், கீழ விழுந்தால் காலால மிதிச்சு நிப்பாட்டாதேங்கோ. சுவிஸ் தம்பி மின்சாரச் சிகரெட் இழுக்கிறவர் எண்டால் வீட்டிலயே விட்டிட்டு வரச் சொல்லுங்கோ, தாய்லாந்தில அது வைச்சிருக்கிறதே குற்றம்.

ஹொட்டேல் எந்தப் பக்கம் போட்டிருக்கிறீங்கள்?


மாங்குளம் சந்தி:

இவ்வளவு யோசினையோ? திருச்சிக்குப் போயிருந்தால் சோறு, சாம்பார், பாசை எல்லாம் கிடைச்சிருக்கும். நான் எண்டால் அதைத்தான் செய்திருப்பன்.


வவுனியாத் தாதி:

சந்தி அண்ணை, அவை முடிவெடுத்திட்டினம். விடுங்கோ.

மெக்கானிக் அண்ணா, நான் வேலை செய்யிற இடத்தில கால் போட்ட ஆக்கள் கனபேர் வருவினம், அதால கால் கதையை நான் சொல்லுறன். ஜெய்ப்பூர் கால் எண்டபடியால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கு. அது செருப்பில்லாமல் நடக்கிற ஆக்களுக்கெண்டே 1968இல செய்த கால். மற்றச் சில செயற்கைக் காலுகளுக்குச் சப்பாத்தைக் கழட்டினால் குதி உயரம் குறைஞ்சு ஆள் பின்னால சரியும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, வாசலில செருப்பைக் கழட்டிப்போட்டுப் பயமில்லாமல் நடக்கலாம். வாசல்ப் படியை மட்டும் மிதிக்காமல் தாண்டுங்கோ, அவை அதில கவனம்.

இருக்கிற விசயம்: நிலத்தில இருக்கவே வேண்டாம். வயசு போன ஆக்களுக்கும் ஏலாத ஆக்களுக்கும் பின்பக்கத்தில பிளாஸ்ரிக் கதிரை போட்டிருப்பினம். கதிரையில இருந்தால் பாதம் நிலத்தைத்தான் பாக்கும். கதிரை இல்லாட்டி பக்கச் சுவரோட சாய்ஞ்சு, கால் சிலைக்கு நேரே வராமல் பாத்து இருங்கோ. எங்கட வேலையிடத்துச் சிங்களப் பிள்ளையளோட ரெண்டு தரம் பாங்கொக் போனனான். ஊண்டுதடியோட வந்த ஒரு ஐயாவுக்குக் காவல் நிண்ட மனிசனே கதிரை தூக்கிக்கொண்டு வந்து குடுத்ததைக் கண்டனான். உங்கட காலைப் பாத்தால் அவையே விளங்கிக்கொள்ளுவினம். களிசானை மடிச்சு விட்டிட்டு இருக்கத் தேவையில்லை எண்டும் சொல்லிவைக்கிறன், அரச மாளிகைப் பக்கம் அரைக் களிசான், கையில்லாச் சட்டை, கிழிஞ்ச ஜீன்ஸ் ஒண்டும் விடமாட்டினம்.

எயார்போட்டில மெசினுக்குக் கிட்டப் போக முதலே சொல்லுங்கோ. கழட்டச் சொன்னால் தனி அறை கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. கால் போட்ட இடத்தில ஒரு கடிதம் இங்கிலீசில வாங்கி வைச்சிருங்கோ. பெரிய கரைச்சல் வேர்வையும் தண்ணியும்தான். ஏப்ரல்தான் அங்க ஆகக் கூடின வெக்கை. பொய்க்காலின்ர குழிக்குள்ள போடுற காலுறை குறைஞ்சது ஆறு சோடி கொண்டுபோங்கோ, நனைஞ்சால் உடன மாத்துங்கோ, ஈரத்தோட நடந்தால் தோல் உரிஞ்சு மிச்சப் பத்து நாளும் கட்டிலில்தான். நோவுக்குப் போடுற குளிசையில கொடீன் இருந்தால் கொண்டுபோகாதேங்கோ, அங்க அது கட்டுப்பாட்டு மருந்து. அம்மாவின்ர பிரசர், சீனிக் குளிசையள் எல்லாம் டொக்டரின்ர துண்டோட கைப்பையில.

அம்மாவுக்குச் சாப்பாடு: மஞ்சள்க் கொடியில சிவப்பு எழுத்து ஒண்டு போட்ட கடை தேடுங்கோ. "ஜே" எண்டு சொல்லுவினம். அதுதான் இறைச்சி, மீன், முட்டை, பால் ஒண்டும் இல்லாத சாப்பாடு, வெங்காயம் உள்ளியும் போடமாட்டினம். வெறுமனே "மரக்கறி" எண்டு கேட்டால் மரக்கறிக்கு மேல மீன் சோஸ் ஊத்தித் தருவினம், அவைக்கு அது உப்பு மாதிரி. அங்கத்த ஆமத்துருமாரும் தானத்தில வாறது எதெண்டாலும் சாப்பிடுறவை, பௌத்த நாடு எண்டால் சைவம் எண்டு நினைச்சு ஏமாறாதேங்கோ.

அம்மாவுக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ: பெண்ணுகள் ஆமத்துருமாரைத் தொடக்கூடாது, கையில நேர எதுவும் குடுக்கவும் கூடாது. ரயிலில பக்கத்தில வந்தால் கொஞ்சம் தள்ளி நிக்கிறது. அவவுக்கு அது கஷ்டமாய் இராது எண்டு நினைக்கிறன்.


விசுவமடு மெக்கானிக்:

புதுக்குடியிருப்பு அண்ணை, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடவேணும். தம்பிக்குப் போன் எடுத்தன். அவன்ர கையில இருக்கிறது அகதிப் புத்தகம்தான். "சுவிஸ்காரருக்கு விசா தேவையில்லைத்தானே" எண்டான். நீ சுவிஸ்காரனோடா எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அடுத்த நாள் லீவு போட்டிட்டு பேர்ணுக்கு ரயில் ஏறினான். கடிதம், வேலை அத்தாட்சி, வங்கிக் கணக்கு எல்லாம் குடுத்து இப்ப விசா குத்தி வந்திட்டுது. ரிக்கெற்றும் போட்டாச்சு.

ஹொட்டேல் சிலோம் எண்ட றோட்டுக்குக் கிட்ட. அங்க மாரியம்மன் கோயில் இருக்காம், அதுக்காகத்தான் தம்பி அந்தப் பக்கம் போட்டவன். வருசப் பிறப்பண்டைக்கு அம்மாவை அங்க கூட்டிப்போகலாம் எண்டு நினைக்கிறம்.

காலுறை ஆறு சோடி சொல்லியாச்சு. கொடீன் இல்லை, பரசிற்றமோல் மட்டும்தான்.

அம்மாட்ட வட்டில சோறு குடுத்த கதையைச் சொன்னன். கேட்டுக்கொண்டு புழுக்கொடியல் முறிச்சுக்கொண்டிருந்தா. "அந்தக் கிழவி நல்லாயிருக்கோணும்" எண்டு மட்டும் சொன்னா. புத்தரைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.


குமுழமுனை ரீச்சர்:

பிள்ளை, நான் முப்பது வருடம் சமயமும் தமிழும் படிப்பித்தவள். உம்முடைய அம்மா சொன்னதை வாசித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். விகாரை கட்டுகிறதில் பிணக்குப்பட்ட குருந்தூர்மலை எங்கள் ஊருக்குக் கிட்ட. அவவுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை, எனக்கும் அவ விளக்கத் தேவையில்லை.

ஆனால் அவ போகிற ஊரில் அவவுக்குத் தெரிந்த கன விசயங்கள் இருக்கின்றன. நீர் சொல்லாவிட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். முதலாவது, சிலோம் றோட்டும் பான் றோட்டும் சந்திக்கிற மூலையில் இருக்கிற அந்த மாரியம்மன் கோயில். 1879இல் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் கட்டியது. கோபுரம், மாரியம்மன், பிள்ளையார், முருகன் எல்லாம் எங்கள் முறை. கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலானோர் தாய்லாந்துச் சனம். செவ்வந்தி மாலையும் தேங்காயும் தட்டில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். உள்ளே புத்தருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே அவர் அம்மனுடைய வீட்டில் ஒரு பக்கமாக இருக்கிறார். உம்முடைய அம்மா அந்தச் சிலையைக் கண்டால் என்ன சொல்லுவா என்று அறிய எனக்கு ஆசை.

இரண்டாவது, திருவெம்பாவை. மார்கழியில் நாங்கள் விடியப்புறம் எழும்பிப் படிக்கிற மாணிக்கவாசகர் பாட்டு. அந்த நாட்டில் அரசருடைய பிராமணர்கள் "திரியம்பாவை, திரிபாவை" என்று ஒரு சடங்கு செய்கிறார்கள். திருவெம்பாவை, திருப்பாவை இரண்டும்தான் அது. உச்சரிப்பு உருத்தெரியாமல் மாறிப்போய்விட்டது, பொருளும் பாடுகிறவர்களுக்கு விளங்காது, ஆனால் பாட்டு எங்களுடையது. அந்தச் சடங்குக்காக 1784இல் முதலில் கட்டி, பிறகு புதுப்பித்த பெரிய ஊஞ்சல் இன்றைக்கும் பாங்கொக்கில் ஒரு சந்தி நடுவே சிவப்புத் தூண்களோடு நிற்கிறது. ஆள் விழுந்து சாகிறதாலும் செலவாலும் 1935இல் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் பிராமணர்களுடைய கோயில், சிவனும் பிள்ளையாரும் பெருமாளும் அங்கே இருக்கிறார்கள். வெய்யிலுக்கு முன்னம் காலமையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்.

அரச மாளிகைக்குள் இருக்கிற மரகதப் புத்தர் கோயிலுக்கு அம்மா வரமாட்டா என்றால் விடும். வருகிறா என்றால் சிலையிடம் போக முதல் பிரகாரச் சுவரைக் காட்டும். 178 பாகமாக இராமாயணம் முழுக்கச் சித்திரம் எழுதியிருக்கிறார்கள். அனுமாரை அவவுக்கு அடையாளம் காட்டத் தேவையில்லை. நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்கு 500 பாட். வாசலில் "இன்றைக்குப் பூட்டு, வேறு இடம் காட்டுகிறேன்" என்று ஓட்டோக்காரர் சொன்னால் நம்பவேண்டாம், அது பழைய ஏமாற்று. அந்தச் சிலைக்கு வருடத்தில் மூன்று தரம், கோடை, மழை, குளிருக்கு, அரசரே உடை மாற்றுகிறார். சாத்துப்படி என்று சொன்னால் அம்மாவுக்கு விளங்கும்.

இன்னொரு சுவாரசியம். இலங்கையில் இருக்கிற சீயம் நிக்காய என்ற பிக்குமார் பிரிவு 1753இல் அந்த நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்துத் தொடங்கினது. வரவழைத்தவர் கண்டியில் இருந்த கீர்த்தி சிறி ராஜசிங்கன். தென்னிந்திய நாயக்கர் வழி அரசர், சைவக் குடும்பத்துப் பிள்ளை. பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கிற நேரம் ஒரு பிள்ளை கேட்டது, "அப்ப ரீச்சர் ஏன் சண்டை?" என்று. மணி அடித்துவிட்டது.

ஏப்ரல் 13 தொடக்கம் 15 வரை அவர்களுக்கும் புதுவருடம். சொங்கிரான் என்பார்கள், எங்களுடைய சங்கிராந்தி என்ற சொல்தான், சூரியன் மேட ராசிக்குள் போகிறது. இளம் பிள்ளைகள் பெரியவர்களுடைய கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள். நாங்கள் தலையில் மூலிகை போட்டுக் காய்ச்சின மருத்துநீர் வைக்கிறோம்.

மருத்துநீர் போத்தலில் கொண்டுபோக அம்மா கேட்பா. கோயிலில் காய்ச்சித் தருகிறதில் கோமயமும் கோசலமும் (மாட்டுச் சாணமும் சலமும்) சேர்ந்திருக்கும், அதை எயார்போட்டில் விளங்கப்படுத்த உம்மால் ஏலாது. சுக்கு, மஞ்சள், திப்பிலி, காய்ந்த துளசி மட்டும் சின்னப் பொட்டலமாகக் கட்டி, கடைச் சீட்டோடு பெட்டிக்குள் வையும். அங்கே ஹொட்டேல் கேத்தலில் கொதிக்க வைத்தால் போதும். அம்மன் குறை நினைக்கமாட்டா.


புதுக்குடியிருப்பான்:

ரீச்சர் சொன்னதெல்லாம் அருமை. ஆனால் ஒண்டை அவ சொல்லேல்லை. கையில வாசனைத் தண்ணி ஊத்திறது வீட்டுக்குள்ள. றோட்டில நடக்கிறது வேற. தண்ணித் துவக்கு, வாளி, ஐஸ் போட்ட தண்ணி, முகத்தில வெள்ளை மாப் பூசுறது. மூண்டு நாளும் ஆர் வந்தாலும் அடிப்பாங்கள். அதில ஆக மோசமான றோட்டுகளில ஒண்டுதான் சிலோம். நீங்கள் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக நினைக்கிற அதே றோட்டு, அதே நாள்!

ஒண்டில் 12ஆம் திகதியே போயிட்டு வாங்கோ, இல்லாட்டி வருசமண்டைக்கு விடிய ஆறு மணிக்குப் போய் ஒன்பதுக்கு முதல் திரும்புங்கோ. பாஸ்போட்டை ஹொட்டேலில வைச்சுப் பூட்டுங்கோ. போனுக்குக் கழுத்தில மாட்டிற பிளாஸ்ரிக் உறை றோட்டெல்லாம் விக்கும், வாங்குங்கோ. காலுறை பற்றித் தங்கச்சி சொன்னதை மறக்காதேங்கோ.


வவுனியாத் தாதி:

ரீச்சர், தலையில மருத்துநீர் எண்டதும்தான் ஞாபகம் வந்தது. அங்க ஒருத்தற்ற தலையையும் தொடக்கூடாது, சின்னப் பிள்ளையின்ர தலை எண்டாலும். எங்கட அம்மாமாருக்குக் கண்ட பிள்ளையின்ர தலையை எல்லாம் தடவுற பழக்கம். மெக்கானிக் அண்ணா, இப்பவே சொல்லிப் பழக்குங்கோ.


விசுவமடு மெக்கானிக்:

வந்திட்டம். 24 இரவு கட்டுநாயக்கா எயார்போட், விடிய ஏ-9 பஸ், மத்தியானம் வீடு. அம்மா வந்த கையோட கோழிக்கு அரிசி போட்டிட்டுப் படுத்திட்டா.

தலையைத் தொடக்கூடாது எண்டு பஸ்ஸிலயும் பிளேனிலயும் படிச்சுப் படிச்சுச் சொன்னன். சுவர்ணபூமி எயார்போட்டில வெளியால வந்த உடன முதல் செய்தது அதுதான். தம்பியின்ர தலையில ரெண்டு கையையும் வைச்சுத் தடவினா. அவனுக்கு வழுக்கை விழுந்திட்டுது, அம்மா எதிர்பாக்கேல்லை. அதுக்கு மேல அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு வராது.

கால் மெசினில சத்தம் போட்டது. கட்டுநாயக்காவில ஒரு பெடியன் தனி அறைக்குக் கூட்டிப்போய்ப் பாத்தான், ரெண்டு நிமிசம். பாங்கொக்கில கடுதாசியைக் காட்டினதோட முடிஞ்சுது. திரும்பி வாற நேரம் உள்ளுக்கு ஒரு பெரிய சிலைக்கூட்டம், பாற்கடலைத் தேவரும் அசுரரும் பாம்பால கடையினம். இதைப் பற்றி ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை! அம்மா அதைச் சுத்தி ரெண்டு தரம் நடந்தா. பிளேனுக்குப் பிந்தப் பாத்தம்.

பெரிய ஊஞ்சலுக்குப் போனம். ரீச்சர், அம்மா ஊஞ்சலுக்குக் கீழ நிண்டு திருவெம்பாவையில "ஆதியும் அந்தமும்" முழுப் பாட்டும் பாடினா. றோட்டுக் கூட்டுற பொம்பிளை ஒராள் விளக்குமாத்தைச் சாய்ச்சு வைச்சிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிண்டா. மாளிகைக்குப் போகேல்லை. 500 பாட் எண்ட உடன அம்மா "இராமாயணம் எனக்குத் தெரியும்" எண்டிட்டா. அம்மன் கோயிலில உள்ள புத்தரையும் கண்டவ. ஒண்டும் கதைக்கேல்லை, திருநீறு பூசிக்கொண்டு வந்திட்டா. மன்னிக்கவேணும் ரீச்சர், உங்களுக்குச் சொல்ல வேற ஒண்டும் இல்லை.

ஹொட்டேலுக்குப் பின்னால ஒரு சின்ன வட். 19ஆம் திகதி நானும் தம்பியும் உள்ள போனம், எனக்குக் கதிரை தந்தாங்கள், தாதித் தங்கச்சி சொன்ன அதே பிளாஸ்ரிக் கதிரை. அம்மா வெளியில அரசமரத்துக்குக் கீழ இருந்தவ. வெளியால வந்து பாத்தால் ஆளைக் காணேல்லை. மரத்தைச் சுத்தி ஒரு நடை நடந்து, மதிலுக்கு அங்கால எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கிறா. என்னம்மா தேடுறீங்கள் எண்டு தம்பி கேட்டான். "சென்றி எங்க எண்டு பாத்தன்" எண்டா. அங்க நாலு நாயும், லொத்தர்ச் சீட்டு விக்கிற ஒரு மனிசியும்தான். அந்த மனிசியிட்டயே அம்மா ஒரு சீட்டும் எடுத்தவ. விழேல்லை.

புதுக்குடியிருப்பு அண்ணை, நீங்கள் விடிய ஆறு மணி எண்டீங்கள். தம்பி எழும்பேக்க எட்டரை. கோயில் முடிஞ்சு வெளியால வரப் பத்தரை. சிலோம் முழுக்கத் தண்ணி. அம்மாவைக் கண்டு பெடியள் துவக்கை இறக்கிப்போட்டுக் கும்பிட்டு, ஒருத்தன் அவவின்ர கையில ஒரு சொட்டு ஊத்தினான். அவ மருத்துநீர் எண்டு நினைச்சோ என்னவோ தலையில தடவிக்கொண்டா. எனக்கும் தம்பிக்கும் அந்த மரியாதை கிடைக்கேல்லை. காலுறை ஆறு சோடியும் போதாமல் தம்பியின்ர சுவிஸ் சொக்ஸை வெட்டிப் போட்டுக்கொண்டு திரிஞ்சன்.

போனுக்கு உறை வாங்கச் சொன்னீங்கள். நாற்பது பாட் சொன்னான், கூட எண்டிட்டு வாங்காமல் நடந்தன். இதை மகளின்ர போனில இருந்துதான் எழுதுறன். என்ர போனை அரிசிப் பானைக்குள்ள வைச்சு இண்டையோட பன்னிரண்டு நாள் ஆச்சு. தம்பியைப் பிடிச்ச படம் எல்லாம் அதுக்குள்ளதான். போன் திருத்திறதில கைதேர்ந்த ஆள் கிளிநொச்சியில இல்லாட்டி வவுனியாவில ஆராவது இருந்தால் சொல்லுங்கோ.